விடுதி மாணவர் முனுசாமி
சுவாமி சகஜானந்தர் வாழ்வும் அது நமக்கு உணர்த்துவதும்

ஒரு கல்விக் கழகம் தன் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்து மலர் வெளியிடும்போது, வரவு செலவுக் கணக்கும், கட்டடங்களின் படங்களும், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையும் அதில் இடம்பெறுவது முறையே. ஆயினும், நமக்கு முன்னர் இப்பாதையில் நடந்தோரை நினையாமல் நம் ஆண்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நன்றியன்று. நம் மக்களின் கல்வி வரலாறு நம்மிலிருந்து தொடங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டு இட்ட அடித்தளத்தின் மீதே நாம் நிற்கின்றோம்.

அவர்களுள் ஒருவரை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகின்றோம். அவர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த சுவாமி சகஜானந்தர். துறவி, கல்வியாளர், சட்டமன்ற உறுப்பினர் என்றெல்லாம் அவரைப் பலர் போற்றியுள்ளனர். நாம் இங்கு அவரை வேறொரு நிலையில் காண விரும்புகின்றோம். அவர் ஒரு காலத்தில் விடுதியில் தங்கிப் படித்த சிறுவர். முனுசாமி என்னும் பெயருடைய ஏழை மாணவர். அவ்விடுதி வாழ்வும் அதன் முடிவுமே பிற்காலத்தில் அவர் செய்த பணிக்கு வித்தாயின என்பது நம் கருத்து.

பிறந்த காலம்

வடஆற்காட்டில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், 1890-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள், அண்ணாமலை, அலமேலு ஆகியோரின் மகனாகப் பிறந்தார் முனுசாமி. அண்ணல் அம்பேத்கர் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். இருவரும் ஒரே தலைமுறையினர் என்பதை நினைவில் கொள்வது நன்று.

அக்காலத்தில் சேரிப் பிள்ளைக்குப் பள்ளி என்பது எட்டாத ஒன்று. சட்டம் தடுத்தது என்று சொல்வதற்கில்லை. பள்ளி இருந்த இடமே தடுத்தது. ஊர்ப் பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், கோயில் மண்டபத்திலும், ஊர்ச் சாவடியிலும் நடந்தன. அத்தெருவில் நடக்கவே உரிமையில்லாத பிள்ளை, அத்தெருவிலுள்ள பள்ளியில் எவ்வாறு அமர்வான்? பொதுப் பணத்தால் நடக்கும் பள்ளி அனைவர்க்கும் உரியது என்ற விதி ஏட்டில் இருந்தது. அவ்விதி சேரிக்குள் வந்து சேரவில்லை.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் அவலநிலை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் பஞ்சமி நிலம் பற்றிய அரசாணையும், 1893-இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணையும் பிறந்தன. தனிப் பள்ளிகள், உதவித் தொகை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு அக்கல்வி ஆணை இடமளித்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் மக்களுக்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இவற்றுக்கெல்லாம் முன்னரே கிறித்துவ மிஷன்கள் பல ஊர்களில் பள்ளியும் விடுதியும் நடத்தி வந்தன. முனுசாமி வளர்ந்தது இத்தகைய காலத்தில். கதவு சற்றே திறந்திருந்தது. அதைத் திறந்து பிடித்திருந்தவை பெரும்பாலும் மிஷன் கைகளே.

திண்டிவனத்து விடுதி

ஆரணியைச் சுற்றிய பகுதியில் அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853 முதல் பணிபுரிந்து வந்தது. ஸ்கட்டர் குடும்பத்தார் தோற்றுவித்த இம்மிஷன் மருத்துவத்திலும் கல்வியிலும் பெயர் பெற்றது. திண்டிவனத்தில் அம்மிஷன் நடத்திய பள்ளியில் முனுசாமி சேர்க்கப்பட்டார். விடுதியில் தங்கிப் படித்தார். படிப்பில் முதன்மையாக விளங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இவ்விடத்தில் ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். அன்று அம்மிஷன் பள்ளி இல்லையேல் முனுசாமிக்குக் கல்வியே இல்லை. நம் முன்னோர் பலருக்கு முதல் சிலேட்டைக் கையில் கொடுத்தவர்கள் மிஷனரிமாரே. அந்நன்றியை நாம் மறுத்தல் ஆகாது. அம்மதத்தை மனமொப்பி ஏற்றுக் கண்ணியத்தோடு வாழ்ந்த, வாழ்கின்ற நம் உறவினர் பல்லாயிரவர். அவர்தம் தெரிவை எவரும் குறைகூற உரிமையில்லை.

ஆயின் முனுசாமியின் நெஞ்சம் வேறு வழியில் சென்றது. மாணவர் திறமையைக் கண்டவர்கள் அவரைக் கிறித்துவராக்க விரும்பினர். சிகாமணி என்று அவருக்குப் பெயரிடவும் முற்பட்டனர். அவர் இசையவில்லை. அதன்பின் அங்குப் படிப்பைத் தொடர வழியில்லாது போயிற்று. உண்ட உணவுக்கும் தங்கிய இடத்துக்கும் ஆன செலவைத் திருப்பிக் கேட்டனர் என்றும் அவர் வரலாற்றில் ஒரு செய்தி வழங்கி வருகின்றது.

அச்சிறுவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வயிறார உணவு, நூல்கள், படித்து முன்னேறும் வாய்ப்பு. மறுபக்கம் வறுமை. நடுவில் ஒரே ஒரு சொல். ‘சரி’ என்ற சொல். அதைச் சொல்லியிருப்பின் அவரை யாரும் பழித்திருக்க முடியாது. அவர் அதைச் சொல்லவில்லை. எந்த மதம் உயர்ந்தது என்னும் வாதத்துக்காக இச்செய்தியை நாம் இங்கு எடுத்துரைக்கவில்லை. மனமொப்பாத ஒன்றைச் சோற்றுக்காக ஏற்க ஒரு மாணவன் மறுத்தான் என்பதே இதில் நாம் காணும் பொருள்.

தங்கவயலும் குருவும்

பின்னர் அவர் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். 1880-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயக் கம்பெனி அங்குச் சுரங்கம் தோண்டி வந்தது. வடஆற்காட்டிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் குடிபெயர்ந்தனர். பூமிக்கடியில் வேலை கொடியது. விபத்தும் நோயும் மலிந்தது. எனினும் ஊரில் கிட்டாத ஒன்று அங்குக் கிட்டியது. அது கூலியைக் காசாகப் பெறும் நிலை. பண்ணையாரின் களத்தில் தலைகுனிந்து நெல் பெறுவதற்கும், மாதச் சம்பளம் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மக்கள் உணர்ந்தனர். சங்கங்கள் கண்டனர்; பத்திரிகை வாங்கிப் படித்தனர். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு அங்கு வாசகர் பலர் இருந்தனர். படிப்பு பாதியில் நின்ற இளைஞர் முனுசாமி அத்தகைய சூழலில் சில காலம் வாழ்ந்தார்.

ஆன்மிக நாட்டம் அவரைச் சென்னைக்கு இட்டுச் சென்றது. வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து அவருக்கு மாணவரானார். கரபாத்திரம் என்பதற்குக் கையையே உண்கலமாகக் கொள்ளுதல் என்பது பொருள். கை கொண்ட அளவே உணவு. மறுவேளைக்குச் சேமித்தல் இல்லை. அக்குருவிடம் தமிழும் சாத்திரமும் கற்றார் முனுசாமி. சகஜானந்தர் என்ற பெயரும் அவரால் பெற்றார்.

முன்னர் ஒரு பெயரை மறுத்தவர், இப்போது ஒரு பெயரை ஏற்றார். முன்னது விடுதியில் தங்கிப் படிக்கும் வாய்ப்போடு பிணைந்து வந்தது. பின்னது தாமே தேடிச் சென்று பெற்றது. மனிதனின் மானம் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது.

தில்லையில் ஒரு பள்ளி

1910-ஆம் ஆண்டு சகஜானந்தர் சிதம்பரம் வந்தார். அப்போது அவருக்கு வயது 20. அவர் சென்றடைந்த ஊர் எத்தகையது என்பதை நாம் அறிவோம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவார் என்று போற்றப்பட்டவரும், சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தவருமான நந்தனாரின் பெயரோடு பிரிக்கவொண்ணாது இணைந்த ஊர் அது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அத்தொண்டர், தில்லைக் கூத்தனைக் காண நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்கின்றது புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய சரித்திரக் கீர்த்தனை அக்கதையைத் தமிழகமெங்கும் பரப்பிற்று. மேடைதோறும் நந்தன் கதை பாடப்பட்டது. கேட்டோர் கண்ணீர் சிந்தினர். எனினும் நந்தன் குலத்துப் பிள்ளைகள் கோயிலுக்கும் பள்ளிக்கும் வெளியிலேயே நின்றனர்.

இம்முரண்பாட்டைக் கண்ட சகஜானந்தர், கதைக்குக் கண்ணீர் சிந்துவதோடு நில்லாமல், 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளியொன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் 25 பேர். நந்தனார் தீப்புகுந்த இடமென்று மக்கள் வழங்கும் ஓமக்குளப் பகுதியிலேயே அப்பணி வேரூன்றியது. அன்று அத்தொண்டர் நெருப்பு வழியே உள்ளே சென்றார் என்பது கதை. இனி நம் பிள்ளைகள் எழுத்து வழியே உள்ளே செல்வர் என்று சுவாமிகள் செயலால் காட்டினார்.

அதே ஊரில் 1920-இல் மீனாட்சி கல்லூரியும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன. அவை செல்வர் பெருந்தகையாளரின் கொடையால் எழுந்தவை. நந்தனார் கல்விக் கழகத்துக்கோ அத்தகைய முதல் இல்லை. காவியுடுத்த ஓர் இளைஞர் வீடுவீடாகவும் ஊர் ஊராகவும் சென்று கேட்டுப் பெற்ற நன்கொடையே அதற்கு முதல். பெரிய கல்லூரிகள் எழும் ஊரில், அக்கல்லூரிப் படியைச் சேரிப் பிள்ளை மிதிக்க வேண்டுமாயின் அதற்கு முன் ஒரு தொடக்கப் பள்ளி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

விடுதி ஏன்?

பள்ளியோடு தங்கி உண்ணும் இடமும் நம் மக்கள் கல்விக்கு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதைச் சற்று ஆராய்வோம். தென்னாற்காடும் தஞ்சையும் நெல் விளையும் நாடு. அங்கு நம் மக்களிற் பெரும்பாலோர் நிலமற்ற பண்ணையாட்கள். ஏழு வயதுச் சிறுவனும் மாடு மேய்த்துக் குடும்பத்துக்கு அரைவயிற்றுக் கூழ் கொண்டுவர வேண்டும். நடவுக்கும் அறுவடைக்கும் தாயும் தந்தையும் வயலில் இருக்க, மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஊர்த்தெரு குறுக்கிடும். இத்தனைக்கும் மேல், பிள்ளையைப் படிக்க அனுப்பினால் வேலையாள் குறைவான் என்று சினக்கும் நிலவுடைமையாளர்.

இந்நிலையில் பகல் பள்ளி மட்டும் போதாது. உணவு, உடை, விளக்கு, உறங்க இடம் ஆகிய நான்கும் கிடைத்தால்தான் ஒரு பிள்ளை தொடர்ந்து ஐந்தாண்டு படிக்க முடியும். இதனால்தான் நம் விடுதலைக்கு உழைத்தோர் பலரும் விடுதியில் கருத்தூன்றினர். 1924-இல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் முதற்பணிகளுள் ஒன்று, சோலாப்பூரில் மாணவர் விடுதி அமைத்ததாகும். சென்னை மாகாணத்தில் 1919-ஐ ஒட்டித் தோன்றிய தொழிலாளர் ஆணையர் அலுவலகம், பின்னாளில் நம் மக்களுக்கான பள்ளிகளையும் உதவித் தொகையையும் விடுதிகளையும் கவனிக்கும் துறையாக வளர்ந்தது. அரசு முழுமையாக முன்வருமுன் சிதம்பரத்தில் ஒரு தனிமனிதர் அதைச் செய்துகாட்டினார்.

தாம் இழந்த விடுதியைச் சுவாமிகள் பிறர்க்குக் கட்டித் தந்தார் என்று நாம் சொல்லலாம். ஆண் பிள்ளைகளோடு அவர் நிற்கவில்லை. பெண் கல்வியும் அவர் நோக்கத்தில் இருந்தது. இன்று சிதம்பரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நந்தனார் பெயரில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகள் நடைபெறுகின்றன. 25 பிள்ளைகளோடு தொடங்கிய பணியின் தொடர்ச்சி அது.

சட்டசபையில்

கல்விப் பணிக்கு அரசியல் ஆற்றலும் வேண்டும் என்பதைச் சுவாமிகள் அறிந்திருந்தார். எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் முன்னரே சென்னைச் சட்டசபையில் நம் மக்கள் குரலை ஒலிக்கச் செய்திருந்தனர். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை அனைவர்க்கும் உரியன என்ற தீர்மானம் 1924-இல் இரட்டைமலையாரால் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. அவ்வழியில் 1926 முதல் சகஜானந்தரும் சட்டசபையில் பணியாற்றினார். விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 1957-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் சிதம்பரம் தொகுதியிலிருந்து காங்கிரசு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள் இயற்கை எய்தினார். மறையும்போதும் அவர் மக்கள் பிரதிநிதியே.

காந்தியடிகள் 1927-இல் சிதம்பரம் வந்தபோது நந்தனாரை உண்மையான சத்தியாக்கிரகி என்று போற்றினார். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மாகாணத்தின் பிற கோயில்களிலும் நம் மக்கள் நுழையும் உரிமை பெற்றனர். நெருப்பில் மூழ்காமலே நந்தன் குலத்தார் உள்ளே செல்லும் நாளைச் சுவாமிகள் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

மாற்றுக் கருத்தும் நம் மதிப்பீடும்

சுவாமிகளின் வழியை ஏற்காதோரும் நம்முள் உண்டு. அயோத்திதாசர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பௌத்தத்தை நாடினார். அம்பேத்கர் 1935-இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 1956-இல் பௌத்தம் தழுவினார். தீயில் மூழ்கித் தூய்மை பெற வேண்டியிருந்த ஒருவரின் கதையை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைப்பது தகுமா என்று கேட்போர் கேட்பதில் நியாயம் உண்டு. தூய்மை பெற வேண்டியது நந்தனார் அல்லர், அவரைத் தடுத்தோரே. இக்கேள்வியை மறைத்து வைத்துச் சுவாமிகளுக்குப் புகழ் சேர்க்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆயினும் வேறுபட்ட இவ்வழிகளுக்கெல்லாம் பொதுவான ஒன்றை நாம் காண்கின்றோம். அயோத்திதாசரும் அம்பேத்கரும் சகஜானந்தரும், நம் பெயரையும் நம் நம்பிக்கையையும் பிறர் தீர்மானிக்கலாகாது. நாமே தீர்மானிப்போம் என்றனர். ஒருவர் பௌத்தத்தில் நின்று சொன்னார்; ஒருவர் சைவத்தில் நின்று சொன்னார். பஞ்சமர் முதலிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் எனக் குறிக்கும் அரசாணை 1922-இல் வெளியானதும் இதே உணர்வின் பயனே. திண்டிவனத்தில் ஒரு சிறுவன் சிகாமணியாக மறுத்தது, இப்பெரிய வரலாற்றின் ஒரு சிறு பகுதி.

விடுதி நடத்தும் நமக்கு

இனி நம்மைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். இன்று விடுதிப் பிள்ளையிடம் மதம் மாறுமாறு எவரும் கேட்பதில்லை. ஆனால் வேறு விலைகள் கேட்கப்படுகின்றன. ‘விடுதிப் பிள்ளை’ என்னும் சொல்லே வகுப்பறையில் ஏளனமாக ஒலிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். அதற்கு அஞ்சித் தான் தங்கியிருக்கும் இடத்தின் பெயரை மறைக்கும் பிள்ளைகள் உள்ளனர். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் மாற்றிச் சொல்லும் பிள்ளைகள் உள்ளனர். தமிழக அரசு 2025-இல் நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரிட்டது. பெயர்ப் பலகை மாறியது நன்று. பலகையின் கீழ் நுழையும் பிள்ளையின் தலை நிமிர்ந்திருக்கின்றதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

நன்கொடை தருவோர் நல்லோர். அவர்களின்றி எந்த விடுதியும் நடவாது. எனினும் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு, அதைப் பெறும் பிள்ளையைக் கைகட்டி நிற்கவைத்துப் படமெடுப்பது, வேறொரு வகையில் விலை கேட்பதேயாகும். கல்வி உரிமை. அவ்வுரிமைக்கு உணவும் உறைவிடமும் துணை. அத்துணையைப் பெறும் பிள்ளை யாருக்கும் கடன்பட்டவன் அல்லன். யாருடைய சமயத்துக்கும், கட்சிக்கும், குடும்பத்துக்கும் உரிமைப்பட்டவனும் அல்லன். அவன் செலுத்த வேண்டிய கடன் ஒன்றே ஒன்று. தனக்குப் பின்வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்து பிடித்தல். சகஜானந்தர் அக்கடனை 43 ஆண்டுக் காலம் செலுத்தினார்.

இம்மலரைப் படிக்கும் விடுதி மாணவர்களே, மாணவிகளே! நீங்கள் உண்ணும் சோறு இரவல் அன்று. உங்கள் பாட்டன் பாட்டியர் நட்டு, களையெடுத்து, அறுத்து, தம் பங்கைப் பெறாமலே போன நெல்லின் ஒரு பிடி அது. அதை உண்டு, நன்றாகப் படியுங்கள். எங்கே தங்கிப் படிக்கின்றீர்கள் என்று யாரேனும் கேட்டால், விடுதியின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். படித்து முடித்த பின், ஆண்டுக்கு ஒருநாளேனும் திரும்பி வந்து, உங்கள் கட்டிலில் இப்போது உறங்கும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மேல்புதுப்பாக்கத்து முனுசாமியின் நினைவுக்கு நம் கழகம் செய்யத்தக்க சிறப்பு இதுவே எனக் கருதுகின்றோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் விடுதிகளிலிருந்து வெளிவரும் ஒவ்வொருவரும் தம் பெயரோடும், தம் ஊரோடும், தம் மனத்துக்கு உகந்த நம்பிக்கையோடும் வெளிவருவார்களாக. அதுவரை நம் பணி ஓயாது.